பழைய லென்ஸைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பூச்சிகளைப் படமெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. எடுத்தவரின் உழைப்பு ஒவ்வொன்றிலும் தெரிந்தது. ஆனால், சின்னஞ்சிறு பூச்சியைப் படம் நிறைய எடுக்க வேண்டுமானால் மேக்ரோ லென்ஸ் வாங்கியே தீர வேண்டும், அதற்குப் பல பத்தாயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்கிற பகுதியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்த வேளாண்மை மாணவி ஒருவர், “அப்போ இதெல்லாம் நமக்கு ஆகாதுங்களாண்ணா?” என்று கேட்டார். அண்ணன் வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் கேமரா கையில் இருக்கிறது; படிப்புக்குப் பூச்சிப் படம் தேவை; லென்ஸ் வாங்க வழியில்லை. உங்கள் பத்திரிகை போகும் ஊர்களில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

நான் ஆனைமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம் என்று கடை ஓடுகிறது. ஊரை ஒட்டிக் கொஞ்சம் தென்னந்தோப்பும் உண்டு. பூச்சிப் படம் எடுப்பது எனக்கு அந்தத் தோப்பிலிருந்து வந்த பழக்கம்.

முதலில் சொல்ல வேண்டியது: மேக்ரோ படத்துக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். கூடவே, வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஐம்பது மில்லிமீட்டர் மேனுவல் லென்ஸ். ஃபிலிம் காலத்து எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் விற்கப்பட்டன. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, யாஷிகா, ரஷ்யாவிலிருந்து வந்த ஜெனித் என்று எந்தக் கேமராவைத் திறந்தாலும் முன்னால் 50 அல்லது அதை ஒட்டிய லென்ஸ் இருக்கும். பாடி கெட்டுப் போயிருக்கலாம். ஃபிலிம் கிடைக்காமல் போயிருக்கலாம். கண்ணாடி அப்படியே இருக்கிறது.

ட்யூப் என்பது வெறும் குழாய். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் லென்ஸ் அந்த அளவுக்கு முன்னே தள்ளிப் போகும். தள்ளத் தள்ளக் கிட்டத்தில் இருக்கும் பொருள் ஃபோகஸ் ஆகும், படமும் பெரிதாக விழும். என் அப்பா துருத்தி வைத்த மரக் கேமராவில் தொழில் பழகியவர். இறந்து போனவர்களின் பழைய படத்தைக் கொண்டு வந்து காப்பி கேட்பார்கள். துருத்தியை இரு மடங்கு இழுத்து வைத்தால் படம் அதே அளவில் தகட்டில் விழும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். ட்யூப் செய்யும் வேலையும் அதேதான்.

கணக்கும் எளிது. ட்யூபின் நீளத்தை, லென்ஸின் மேல் குறித்திருக்கும் மில்லிமீட்டரால் (குவியத் தூரம்) வகுத்தால் எவ்வளவு பெரிதாகும் என்று வந்துவிடும். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண செட்டில் 7, 14, 28 மி.மீ. என்று மூன்று வளையங்கள் இருக்கும். மூன்றையும் சேர்த்தால் 49 மி.மீ. அதை 50 மி.மீ. லென்ஸோடு மாட்டினால் கிட்டத்தட்ட 1:1. அதாவது பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில், ஃபிலிமுக்குப் பதிலாக டிஜிட்டல் கேமராவில் இருக்கும் சென்சாரில் விழும். பலரிடமும் இருக்கும் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஏ.பி.எஸ்.-சி. சென்சார் ஏறத்தாழ 23.6 மி.மீ. அகலம் என்பதால், ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடம் படம் முழுக்க நிறையும். லென்ஸின் சொந்த ஃபோகஸ் வளையத்தையும் கிட்டத்துக்குத் திருப்பினால் இன்னும் சற்றுக் கூடும். 28 மி.மீ. வளையத்தை மட்டும் மாட்டினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 7 மி.மீ. வளையம் மட்டும் என்றால் பூவுக்குப் போதும்.

இது ஏழைக்குச் சொல்லும் மாற்று வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். நிக்கான் நிறுவனத்தின் 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ-நிக்கோர் லென்ஸ் பெயர் பெற்ற மேக்ரோ லென்ஸ். அதுவே தனியாக 1:2 வரைதான் போகும். 1:1 வேண்டுமானால் அதோடு மாட்ட பி.கே.-13 என்ற 27.5 மி.மீ. வளையத்தை நிக்கானே விற்றது. 55-இல் பாதி 27.5. கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். மேக்ரோ லென்ஸ் செய்தவர்களே ட்யூபைத்தான் கையில் கொடுத்தார்கள்.

ஏன் பழைய மேனுவல் லென்ஸ், புதியது ஆகாதா என்று கேட்கலாம். அப்பர்ச்சர் வளையம்தான் காரணம். அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்; எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். 1987-இல் வந்த கேனன் இ.எஃப். வகையிலிருந்து அப்பர்ச்சரைத் திறப்பதும் மூடுவதும் மின்சாரத்தால் நடக்கிறது. நிக்கானின் ‘ஜி’ வகை லென்ஸ்களிலும் வளையம் இல்லை. வெறும் குழாய் வழியாக மின் இணைப்பு போகாது. கேனன் லென்ஸ் முழுக்கத் திறந்தபடி நின்றுவிடும். நிக்கான் ‘ஜி’ லென்ஸ் முழுக்க மூடிக்கொள்ளும். கேனனில் முன்பார்வைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் வைத்த அளவிலேயே நிற்கும் என்ற வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை அளவை மாற்றவும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். மின் இணைப்புள்ள ட்யூப்களும் கிடைக்கின்றன, விலை கூடுதல். பழைய லென்ஸில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. விரலால் வளையத்தைத் திருப்பி எட்டில் வைத்தால் எட்டு. ஆட்டோ ஃபோகஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதும் இல்லை. இவ்வளவு கிட்டத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களில் பலரும் அதை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

இது எதற்கு உதவும் என்பதற்கு எங்கள் தென்னையிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன்.

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது 2016-இல், எங்கள் பொள்ளாச்சிப் பகுதியில். ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டை வைக்கும். பஞ்சு போல மெழுகு படியும். அது கழிக்கும் தேன் போன்ற நீர் கீழ் ஓலைகளில் சொட்டி, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கருத்துப் போகும். வெள்ளை ஈயைக் கண்டதும் பூச்சிமருந்து அடிக்கத்தான் கை போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகமோ மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றுங்கள் என்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஆனால் என்கார்சியா நம் தோப்பில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குளவி என்ற பேருக்கு ஏற்ற அளவில்லை அது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

இங்கேதான் ட்யூப் வேலைக்கு வருகிறது. தாக்கப்பட்ட ஓலையில் ஓர் இலையை அறுத்து, அடிப்புறம் மேலே தெரியும்படி ஒரு தெர்மாகோல் பலகையில் கிளிப் போட்டு வைப்பேன். 50 மி.மீ. லென்ஸ், மூன்று வளையமும். வெள்ளை ஈயின் குஞ்சு இலையோடு ஒட்டி, சின்னச் செதில் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒட்டுண்ணி தாக்காத குஞ்சு வெளிர் மஞ்சளாக இருக்கும். என்கார்சியா உள்ளே வளர்கிற குஞ்சு கருத்துவிடும். அதைக் கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணாலும் ஓரளவு தெரியும். தெரியாதது காலிக் கூடு. வெள்ளை ஈ வளர்ந்து வெளியேறிய கூட்டில் நெடுக்கே ஒரு கீறலும் அதன் முனையில் குறுக்கே ஒரு கீறலுமாகப் பிளந்திருக்கும். குளவி வெளியேறிய கூட்டில் அப்படி இராது. கடித்துக் குடைந்த வட்டமான ஓட்டை, கம்பாஸ் வைத்து வரைந்தது மாதிரி இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 1:1-இல் ஒரு மில்லிமீட்டர் இடத்துக்கு ஏறத்தாழ 250 புள்ளிகள் கிடைக்கின்றன. அந்த ஓட்டையின் விளிம்பு சந்தேகமில்லாமல் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், “ஏந்தம்பி, மருந்தடிக்கலாமா வேண்டாமா, சொல்லு. ஆளுக்கு வேற சொல்லீட்டேன்” என்று வந்து நின்றார். அவர் தோப்பு இலையையே கொண்டுவரச் சொல்லி எடுத்து, கடைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். வரிசையாகக் கறுத்த கூடுகள், பாதிக்கு மேல் வட்ட ஓட்டை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இந்த ஓட்டையப் போட்டவன் நம்மாளா?” என்று கேட்டார். ஆமாங்க ஐயா என்றேன். மருந்துக்குச் சொன்ன ஆளைப் போனிலேயே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில நூறு ரூபாய்க் குழாயும் கே1000-இலிருந்து கழற்றிய லென்ஸும் சேர்ந்து செய்த வேலை அது. வேளாண் அலுவலர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது, கையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதைவிட இதை வைத்து விவசாயிக்கு விளக்குவது சுலபம் என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பூதக்கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். படத்தைப் பத்துப் பேர் கூடி நின்று பார்க்கலாம், பேசலாம்.

பப்பாளியிலும் இதுபோல் ஒன்று உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் பரவி விவசாயிகளை அலைக்கழித்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்த மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் மெழுகைப் பூசிக்கொண்டு மறைந்திருக்கும் ஒரு புழு உண்டு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிற வண்ணத்துப்பூச்சிப் புழு அது, ஏப்ஃப்ளை என்பார்கள். அதன் கூட்டுப்புழுவை 1:1-இல் எடுத்துப் பாருங்கள். இரண்டு கண், மூக்கு, வாய் என்று அச்சு அசல் குரங்கு முகம். என் மகள் முதலில் பார்த்தபோது நான் ஏதோ கணினியில் வரைந்துவிட்டேன் என்றே நினைத்தாள். செடியிலேயே காட்டிய பிறகுதான் நம்பினாள். நம் கொல்லைப்புறப் பப்பாளியில் இருப்பதை நம் பிள்ளைகள் பார்க்காமலே வளர்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சரி, எடுக்கும் முறைக்கு வருகிறேன். ட்யூப் வாங்கியவர்கள் இரண்டு நாளில் சலித்துப் போய் மூலையில் போடுவதற்குக் காரணம், இதை யாரும் சொல்லித் தராததுதான்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். 1:1-இல் அதனால் பெரிய பயன் இல்லை. வளையத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு, கேமராவோடு நீங்களே நூலளவு முன்னும் பின்னும் நகர்ந்து, பூச்சியின் கண் தெளிந்த நொடியில் அழுத்த வேண்டும். முழங்கையை முழங்காலிலோ தரையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டு முடித்த இடைவெளியில் எடுங்கள். எஃப் 8-இல் வைத்தாலும் 1:1-இல் தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அதனால் பூச்சியின் உடம்புக்குக் கேமரா இணையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது, எந்த லென்ஸ் என்பதைவிட முக்கியம். தலையிலிருந்து வால் வரை தெளிய வேண்டுமென்றால் பக்கவாட்டில் எடுங்கள். கண் மட்டும் போதுமென்றால் நேரே எடுங்கள்.

அப்பர்ச்சரை மூட மூட நல்லது என்று 16, 22 என்று போகாதீர்கள். லென்ஸ் முன்னே தள்ளிப் போகும்போது, டார்ச்சைச் சுவரை விட்டுப் பின்னுக்கு இழுத்தால் வெளிச்சம் பரந்து மங்குவது போல, சென்சாருக்கு வரும் வெளிச்சம் குறைகிறது. 1:1-இல் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். வளையத்தில் 8 என்று வைத்தால் உண்மையில் அது 16 போல வேலை செய்யும்; 16 வைத்தால் 32. அந்த அளவில் ஒளி சிதறி, படம் முழுக்கவே மழுங்கிவிடும். நான் எட்டில் வைப்பேன், மிஞ்சினால் பதினொன்று. அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் சிறுகச் சிறுக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் அடுக்கி ஒரே படமாக்குவதே வழி. செத்த ஓலை, காலிக் கூடு போன்ற அசையாத பொருளுக்கு அது நன்றாக வரும்.

வெளிச்சம் போதாமல் போவதால் ஃப்ளாஷ் வேண்டும். விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷே போதும். பதினாறில் ஒரு பங்கு சக்தி, ஷட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. 400 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சக்தியைக் குறைத்து வைத்த ஃப்ளாஷ் மிகக் குறைந்த நேரமே எரியும். கை நடுக்கமும் பூச்சியின் அசைவும் அதிலேயே உறைந்துவிடும். ஆனால் ஃப்ளாஷை அப்படியே அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். அதற்கும் பூச்சிக்கும் நடுவே பட்டர் பேப்பரோ மெல்லிய தெர்மாகோல் தாளோ வளைத்துக் கட்டுங்கள். காகிதம் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே, எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும். என்னைக் கேட்டால், லென்ஸுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் சிறு பகுதியை இந்த வெளிச்ச ஏற்பாட்டுக்குச் செலவழித்தாலே படம் இரண்டு படி மேலே போகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ட்யூபின் இரு முனையும் உங்கள் பாடிக்கும் லென்ஸுக்கும் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் வெளிச்சம் உள்சுவரில் பட்டுத் தெறித்து, படத்தின் நடுவே வெளுத்த வட்டம் விழும். நார் உதிராத கறுப்பு வெல்வெட் தாளை உள்ளே ஒட்டினால் சரியாகிவிடும். பழைய லென்ஸையும் பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தால் வளையத்தைத் திருப்பியும் இதழ் சோம்பலாக நகரும். மேல் பூச்சில் சிறு கீறல், உள்ளே நாலு தூசு இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. வீட்டில் வைத்திருப்பவர்கள் தோல் பையில் மூடி வைக்காதீர்கள். ஈரம் அதில் தங்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

எம்42 என்ற திருகு லென்ஸ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பென்டாக்ஸின் பழைய டகுமார், ஜெனித்தோடு வந்த ஹீலியாஸ் எல்லாம் அந்த வகை. டகுமாரில் ஏ, எம் என்று ஒரு சிறு விசை இருக்கும். அதை எம்-மில் வைத்தால்தான் அப்பர்ச்சர் மூடும். இந்த விசை இல்லாத, கேமரா அழுத்தினால்தான் அப்பர்ச்சரை மூடும் தானியங்கி ஊசி மட்டும் உள்ள லென்ஸ் வெறும் ட்யூபில் திறந்தே நிற்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஹீலியாஸ் 44-2-இல் இரண்டு வளையம் உண்டு. ஒன்றில் எட்டு என்று குறித்து வைத்துவிட்டு, மற்றதை முழுக்கத் திறந்து வெளிச்சமாகப் பார்த்து ஃபோகஸ் செய்து, எடுக்கும்போது கண்ணை எடுக்காமலே ஒரு திருகு திருகினால் எட்டில் போய் நிற்கும். மேக்ரோவுக்கென்றே செய்தது போல இருக்கும். எம்42 லென்ஸை நிக்கான் பாடியில் மாட்டினால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது என்று பலர் ஒதுக்குவார்கள். உண்மைதான். நிக்கானில் லென்ஸ் ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நிற்கிறது. ஆனால் நாமோ வேண்டுமென்றே 49 மி.மீ. முன்னால் தள்ளுகிறோம். நமக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற அமைப்பைத் தேடி இயக்க வேண்டும். இல்லையென்றால் பொத்தான் அழுந்தாது, லென்ஸ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். தொடக்கநிலை நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களில் மேனுவல் லென்ஸுக்கு மீட்டர் வேலை செய்யாது. ‘எம்’ மோடில் வைத்து, ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மேக்ரோ லென்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தபால் தலை, ஓலைச்சுவடி மாதிரித் தட்டையானவற்றை ஓரம் வரை கூர்மையாக எடுக்க அது தேவை. 50 மி.மீ. லென்ஸில் 1:1 போகும்போது பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர்கூட இராது. உங்கள் நிழலே பூச்சி மேல் விழும், வெட்டுக்கிளி தாவிவிடும். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தால் அங்கே நிம்மதி. ட்யூபிலேயே தள்ளி நின்று எடுக்க வேண்டுமானால் பழைய 135 மி.மீ. லென்ஸில் மூன்று வளையத்தையும் மாட்டுங்கள். 1:1 வராது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் வரும். ஆனால் அரை மீட்டர் தள்ளி நிற்கலாம். தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அதுவே சரியான அளவு. விடியற்காலையில் பனி படிந்திருக்கும்போது போனால் அவையும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பதும், பசை வைத்து ஒட்டி எடுப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அப்படி எடுத்த படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நீங்கள் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் இணைப்பில் பூச்சி, பூப் படங்கள் வரும்போது எடுத்தவர் பெயரோடு என்ன லென்ஸ், எந்த ட்யூப், எவ்வளவு அப்பர்ச்சர், வெளிச்சம் எங்கிருந்து என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. இரண்டாவது, வீட்டில் பழைய கேமரா வைத்திருப்போர் அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் லென்ஸை மட்டுமாவது கழற்றி அருகிலுள்ள பள்ளியின் பசுமைப் படைக்கோ கல்லூரியின் பூச்சியியல் துறைக்கோ கொடுக்கும்படி உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நான் கடையில் மிச்சமிருந்த இரண்டு லென்ஸையும் ஒரு ட்யூப் செட்டையும் கொடுத்திருக்கிறேன். அந்த வேளாண்மை மாணவிக்கு என் 50 மி.மீ. லென்ஸை இரவல் கொடுத்து அனுப்பினேன். கறிவேப்பிலைச் செடியில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வைத்த முட்டையில் தொடங்கி, அது கூடு கட்டும் வரை நாள்தோறும் எடுத்துக்கொண்டிருக்கிறார். படங்கள் முடிந்ததும் உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தகுதி இருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்டுடியோ உரிமையாளர்,
ஆனைமலை.